சிறிய கிராஸ்ஓவரும் மண் பாதையும்: வாசகர் கேள்வி – பதில்

வார இறுதியில் குடும்பத்தோடு காரில் சென்று கூடாரமடித்துத் தங்குவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பெங்களூரிலிருந்து எழுதியவர்களில் கரடுமுரடான பாதைக்கென்றே செய்த மஹிந்திரா தாரோ ஜிம்னியோ வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களிடம் இருப்பது அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பண்டிகைக்குச் சொந்த ஊருக்கும் ஓடுகிற சிறிய கிராஸ்ஓவர், அதாவது சாதாரணக் காரையே சற்று உயரமாகச் செய்த வண்டி. அதை மண் பாதைக்குத் தயார் செய்ய என்னென்ன மாட்ட வேண்டும் என்பதே அவர்களுடைய கேள்வி. எதையெல்லாம் மாட்டாமல் இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் இந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னுடையது முன்சக்கர இழுவை கொண்ட நாலு மீட்டர் வண்டி. சக்லேஷ்பூர் பக்கத்துக் காப்பித் தோட்டப் பாதைகளில் ஓட்ட வேண்டும் என்பது ஆசை. ஒரு லட்ச ரூபாய் வரை செலவிட முடியும். முதலில் எதை மாற்றுவது? – ஜே.பி. நகர் வாசகர்

பதில்: டயரை மாற்றுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். வண்டி தரையைத் தொடுவது உள்ளங்கை அகலமுள்ள நான்கு இடங்களில் மட்டுமே; அந்த நான்கு இடங்களும் வழுக்கினால், மேலே எத்தனை உபகரணம் இருந்தாலும் பயனில்லை. கம்பெனியிலிருந்து வரும் டயர் நெடுஞ்சாலைக்கானது. அதன் பள்ளங்கள் ஆழம் குறைந்தவை என்பதால், மழை பெய்த செம்மண்ணில் நூறு அடி போவதற்குள் சேறு அவற்றை அடைத்துக்கொள்ளும். பிறகு டயர் வழவழப்பான உருளையாகிவிடும். 'ஆல் டெரெய்ன்' அல்லது ஏ.டி. என்று விற்கப்படும் டயரின் கட்டைகள் பெரியவை, இடைவெளிகளும் அகலமானவை என்பதால் சக்கரம் சுழலும்போதே சேற்றை உதறிவிடுகிறது. சேற்றுக்கென்றே செய்யப்பட்ட எம்.டி. வகை டயர் உங்களுக்கு வேண்டாம். அது எடை அதிகம், தார்ச் சாலையில் இரைச்சல் அதிகம், ஈரமான சாலையில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். உங்கள் வண்டி ஆண்டின் பெரும்பகுதியை அவுட்டர் ரிங் ரோட்டில்தானே கழிக்கப் போகிறது.

அளவை மாற்றலாமா என்று கடைக்காரர் கேட்பார். மாற்றினால் என்னவாகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 215/65 ஆர்16 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 686 மி.மீ.; அதையே 215/70 ஆர்16 ஆக்கினால் 707 மி.மீ. விட்டத்தில் 21 மி.மீ. கூடினாலும் தரை இடைவெளியில் கிடைப்பது அதில் பாதிதான், அதாவது விரல் அகலம் கூட இல்லாத 10 அல்லது 11 மி.மீ. இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை என்னவென்றால், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 103 ஆக இருக்கும், முதல் கியர் அந்த அளவுக்கு நீண்டு மேட்டில் இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் உள் பிளாஸ்டிக்கில் உரசவும் கூடும். ஆகவே அதே அளவில், அதே அல்லது கூடுதலான லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) கொண்ட ஏ.டி. டயரையே வாங்குங்கள்.

டயரோடு 12 வோல்ட் காற்று கம்ப்ரஸரும் நம்பகமான அழுத்தமானியும் வாங்கிவிட்டால், பாதி வேலை முடிந்தது. சாலையில் 33 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டுகிற டயரைக் கல்லும் மண்ணும் கலந்த பாதையில் 25 அல்லது 26க்கு இறக்கினால், தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் கூடுகிறது. கூரிய கல் மீது ஏறும்போது டயர் கிழியாமல் வளைந்து கொடுக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் முதுகும் தப்பிக்கிறது. ஆழமான மணலில் 18 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. காற்றைக் குறைத்த டயரில் 30, 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. தார்ச் சாலையைத் தொட்டதும் முதல் வேலையாக மீண்டும் நிரப்பிவிட வேண்டும். காசு செலவில்லாத இந்தப் பழக்கம் தருகிற பலனை, லட்ச ரூபாய் உபகரணங்கள் பலவற்றில் நான் கண்டதில்லை.

ஒரு எச்சரிக்கை: கலபுரகி, கதக் பக்கத்துக் கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு எந்த டயரும் உதவாது. அது சக்கரத்தில் அப்பம் போல ஒட்டி ஃபெண்டரையே அடைத்துவிடும். அங்கே காய்வதற்காகக் காத்திருப்பது ஒன்றே வழி.

கேள்வி: ஸ்பிரிங்குக்கு மேல் 40 மி.மீ. ஸ்பேசர் (இடைக்கட்டை) வைத்து வண்டியை உயர்த்தித் தருவதாக ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் சொல்கிறார்கள். ஒரே நாளில் முடிந்துவிடுமாம். செய்யலாமா? – ஒயிட்ஃபீல்டு வாசகர்

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். முன்பு என்னிடம் இருந்த வண்டியில் இதே வேலையை ஒரு பட்டறையில் செய்துகொண்டேன். பார்ப்பதற்கு வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் ஏழெட்டு மாதங்களில் இடது ஆக்ஸிலின் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் முழுவதும் சக்கரத்தின் உட்புறம் தெறித்திருப்பதைச் சர்வீஸின்போதுதான் கண்டேன். அதற்குள் மண் உள்ளே புகுந்து சி.வி. ஜாயிண்ட் என்னும் மூட்டு தேய்ந்துவிட்டதால், ஆக்ஸிலையே மாற்ற வேண்டியதாயிற்று.

காரணம் எளிது. இன்ஜினிலிருந்து முன்சக்கரத்துக்குச் செல்லும் தண்டு கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது. உடலை மட்டும் உயர்த்தினால் அந்தத் தண்டு எப்போதும் சாய்ந்தே சுழல்கிறது. மூட்டும் அதை மூடிய ரப்பரும் ஓயாமல் மடிந்து நிமிர்கின்றன. கூடவே, ஷாக் அப்சார்பர் நின்ற நிலையிலேயே பெரும்பகுதி நீண்டுவிடுவதால், பள்ளத்தில் சக்கரம் கீழிறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியாமல் அந்தரத்தில் தொங்கும். உயரத்துக்காகச் செய்த வேலை, தரைப் பிடிப்பைக் குறைத்துவிடுகிறது. வீல் அலைன்மென்ட் மாறும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்துத் தானே பிரேக் பிடிக்கிற புதிய வண்டியாக இருந்தால் அந்தக் கேமராவின் பார்வைக் கோணமும் தவறிப்போகும்.

உயரத்துக்காக வைத்திருந்த பணத்தை வண்டியின் அடிவயிற்றைக் காப்பதில் செலவிடுங்கள். இன்ஜினுக்குக் கீழே கம்பெனி மாட்டியிருக்கும் கறுப்பு மூடி தூசிக்கும் சேற்றுக்குமானது, கல்லுக்கானது அன்று. மெக்கானிக்குகள் 'சேம்பர்' என்று சொல்லும் ஆயில் சம்ப் ஒரு கல்லில் விரிசல் விட்டால், எண்ணெய் வடிந்து சில நிமிடங்களில் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். 3 மி.மீ. இரும்புத் தகடோ, சற்றுத் தடித்த அலுமினியத் தகடோ பொருத்தும்போது மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: அது உடலின் மெல்லிய தகட்டில் அல்லாமல் இன்ஜினைத் தாங்கும் சப்ஃபிரேமில் போல்ட் ஆக வேண்டும்; காற்று போகத் துளைகள் இருக்க வேண்டும்; தகட்டைக் கழற்றாமலே எண்ணெய் மாற்ற வழி இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லையென்றால், சர்வீஸ் பையன் ஒரு முறை கழற்றிய போல்ட்டை மறுமுறை சரியாக முடுக்கியிருப்பானா என்ற கவலை உங்களை விடாது.

கேள்வி: மாற்றங்கள் செய்தால் போலீஸ், ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் தொல்லை வருமா? என் கணவர் 'எல்லோரும் செய்கிறார்கள்' என்கிறார். – அல்சூர் வாசகி

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது, அம்மா. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் உற்பத்தியாளரின் மூல வடிவமைப்புக்கும் மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

முன்னால் மாட்டும் இரும்பு கிராஷ் கார்டு மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அதை மாட்டக் கூடாது. மோதலில் பம்பர் நசுங்கி உறிஞ்ச வேண்டிய விசையை அது நேராகச் சட்டகத்துக்குக் கடத்துகிறது. பாதசாரி மீது பட்டால் காயமும் பெரிதாகும். கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. விளக்குகள் மீது கர்நாடகப் போலீசார் 2024 ஜூலை முதல் மாநிலமெங்கும் வழக்குப் போட்டு வருகிறார்கள். முகாமில் வெளிச்சம் வேண்டுமென்றால், கையில் எடுத்துச் சென்று மரத்தில் தொங்கவிடும் ரீசார்ஜ் விளக்கே போதுமானது.

டயர், கழற்றி மாட்டும் பெட்டிகள், படுக்கை, கூடாரம், காற்று கம்ப்ரஸர் ஆகியவை வண்டியின் அமைப்பை மாற்றுவதில்லை. வயரிங்கை வெட்டும் எந்த வேலையும் வாரன்டியையும் இன்சூரன்ஸையும் பாதிக்கும். கூடுதலாகப் பொருத்தியவற்றை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் செய்கிறார்கள் என்பது விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயரிடம் எடுபடாது என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய ரெனோ டஸ்டர் ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வகை) ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கிவிட்டால் இந்த மாற்றங்கள் எதுவும் தேவைப்படாதா? – ஆர்.டி. நகர் வாசகர்

பதில்: பராமரிப்புச் சரியாக இருந்தால் நல்ல வண்டிதான். 2014இல் இங்கு வந்த அந்த மாடலில் பின்பக்கமும் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் சுதந்திர சஸ்பென்ஷன் உண்டு. இழுவிசையைப் பெருக்கும் லோ ரேஞ்ச் கியர் இல்லாத குறையை ஈடுகட்ட, இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்றுச் சுழலும்போது மணிக்கு ஆறு கிலோமீட்டர்கூடப் போகாத அளவுக்கு முதல் கியரைக் குறுக்கியிருந்தார்கள். ஆனாலும் பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசேர்ப்பது கப்ளிங் எனப்படும் ஒரு கிளட்ச் தொகுதிதான். ஆழ்ந்த மணலில் நெடுநேரம் சக்கரத்தைச் சுழலவிட்டால் அது சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள விலகிவிடும். அப்போது உங்களிடம் இருப்பது எடை கூடிய ஒரு முன்சக்கர வண்டி. வாங்கும் முன், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலிலும் அந்தக் கப்ளிங்கிலும் எண்ணெய்க் கசிவு உண்டா என்று தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு டயர்களும் ஒரே மாதிரி, ஒரே தேய்மானத்தில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று ஓடிய வண்டியில் அந்தக் கப்ளிங் ஓய்வில்லாமல் உழைத்திருக்கும்.

கேள்வி: நாங்கள் இருவர், எட்டும் ஐந்துமாக இரண்டு குழந்தைகள். கூரை மேல் விரியும் கூடாரம் வாங்க ஆசைப்படுகிறோம். அதோடு பக்கவாட்டுப் பந்தல், பின்னால் இழுப்பறை, ஃபிரிட்ஜ் எல்லாம் பொருத்த எண்ணம். எங்கள் வண்டி தாங்குமா? – எலெக்ட்ரானிக் சிட்டி தம்பதியர்

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது உங்களுடையது. ஏனென்றால், சிறிய வண்டியின் உண்மையான எதிரி கல்லும் சேறும் அல்ல, எடைதான். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் வண்டியின் புத்தகத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று காலி வண்டியின் எடை, மற்றொன்று அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. முதலாவது 1,200 கிலோ, இரண்டாவது 1,650 கிலோ என்று வைத்துக்கொண்டால், மனிதர்களும் சாமான்களும் மாட்டியவையும் சேர்ந்து 450 கிலோவுக்குள் அடங்க வேண்டும். இப்போது எழுதிப் பாருங்கள். நீங்கள் நால்வரும் சேர்ந்து 200 கிலோ. கூரைக் கூடாரம் 60, அதைத் தாங்கும் ரேக் 25, இன்ஜினுக்கு அடித்தகடு 18, பந்தல் 12, ஃபிரிட்ஜை ஓட்ட லித்தியம் பேட்டரி 12, ஃபிரிட்ஜும் உள்ளிருப்பவையும் 25, தண்ணீர் 20 லிட்டருக்கு 20 கிலோ, சமையல் சாமான்கள் 30, துணி மூட்டைகள் 30. கூட்டினால் 432 வருகிறது. இதில் இழுப்பறையை இன்னும் சேர்க்கவில்லை. எட்டுக்கு நாலு அடி, 12 மி.மீ. பிளைவுட் ஒரு தாளே 22 கிலோவுக்குக் குறையாது. இழுப்பறைக்கு இரண்டு தாள் வேண்டும் என்று தச்சர் சொல்வார். அதோடு வரம்பு தாண்டிவிட்டது.

கூரைக்குத் தனி வரம்பு உண்டு. இந்த ரக வண்டிகள் பலவற்றில், ஓடும்போது கூரை தாங்க வேண்டிய எடை ரேக்கையும் சேர்த்து 50 முதல் 75 கிலோ வரைதான். துல்லியமான எண்ணை உங்கள் புத்தகத்திலேயே பாருங்கள். நின்ற வண்டியின் கூரை அதைப்போலப் பல மடங்கு தாங்கும் என்பது உண்மைதான். அதனால்தான் உள்ளே மனிதர்கள் படுக்க முடிகிறது. ஆனால் அந்த 85 கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, வண்டி ஒவ்வொரு வளைவிலும் சாய்வதை நீங்கள் உணர்வீர்கள். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: பின்னாலும் மேலேயும் எடை ஏறினால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரங்களின் மீதுள்ள பாரம் குறைகிறது. இழுக்கிற சக்கரமே லேசாகிவிட்டால் ஏ.டி. டயர் போட்டும் வழுக்கும். அனுபவசாலிகள் சிலர் முன்சக்கர வண்டியை வழுக்கும் மேட்டில் ரிவர்ஸ் கியரில் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் தினமும் படுத்தும் விஷயம். உங்கள் அடுக்குமாடியின் பேஸ்மென்ட் நுழைவாயிலின் உயரத்தை அளந்துவிட்டீர்களா? ரேக்கும் மூடிய கூடாரமும் சேர்ந்தால் வண்டி ஏறக்குறைய 2.1 மீட்டரைத் தொட்டுவிடும்.

ஆகவே என் யோசனை இது. தரையில் நிறுத்தும், நால்வர் படுக்கக்கூடிய நல்ல கூடாரம் ஒன்றை வாங்குங்கள். எட்டு, பத்து கிலோவில் தரமானவை கிடைக்கின்றன. தரைவிரிப்புக்கு மட்டும் தாராளமாகச் செலவழியுங்கள், ஏனெனில் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் வருகிறது. பிளைவுட் இழுப்பறைக்குப் பதிலாக மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் நான்கும், அவற்றைக் கட்டிவைக்க நல்ல பட்டைகளும் போதும். கட்டாமல் வைத்த பெட்டி, அவசரப் பிரேக்கில் பின்சீட்டுக் குழந்தைகளின் மீது வந்து விழும் என்பதை மறக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, புறப்படும் நாளுக்கு முன்பே, ஓசூர் ரோட்டில் லாரிகள் எடை போடும் எடைமேடை ஒன்றில் முழுக் குடும்பத்தோடு வண்டியை நிறுத்திப் பாருங்கள். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு முறை. அந்தச் சிறு சீட்டு, உங்கள் பட்டியலில் எதை வெட்ட வேண்டும் என்பதை நான் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்லும்.

கேள்வி: ஃபிரிட்ஜை வண்டி பேட்டரியிலேயே ஓட்டலாமா? – கோரமங்களா வாசகர்

பதில்: இரவு முழுக்க ஓட்டினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். 40 வாட் ஃபிரிட்ஜ் ஒரு நாளில் பாதி நேரம் ஓடினாலும் 480 வாட்–மணி எடுக்கும். வண்டியின் பேட்டரி ஸ்டார்ட்டருக்கு ஒரு கணம் பெரும் மின்சாரம் தரச் செய்யப்பட்டது. மெதுவாக முழுதும் வடித்தால் விரைவில் கெட்டுவிடும். 100 ஆம்பியர்–மணி (ஏ.எச்.) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி தனியாக வைத்தால் ஏறக்குறைய 1,280 வாட்–மணி கிடைக்கும்; இரண்டு நாளைக்குக் கவலையில்லை. அதை, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைக்காதீர்கள். இப்போதைய வண்டிகள் பலவற்றில் எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்குவதால், நடுவில் வோல்டேஜைச் சீராக்கித் தரும் ஒரு டி.சி.–டி.சி. சார்ஜர் வேண்டும். 20 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு 250 வாட்–மணி அளவுக்கு ஏற்றும். பெங்களூரிலிருந்து சக்லேஷ்பூர் 220 கி.மீ.; நாலைந்து மணி நேர ஓட்டத்திலேயே பேட்டரி கிட்டத்தட்ட நிறைந்துவிடும். ஃபியூஸை முதன்மைப் பேட்டரியின் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். வயர் 6 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. கார்கள் தீப்பற்றும் செய்திகளுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது, தகடு ஓரத்தில் உரசி உறை கிழிந்த, ஃபியூஸ் இல்லாத ஒரு வயர்தான்.

ஒரு நாள் பயணமென்றால் இத்தனையும் தேவையா என்றும் யோசியுங்கள். நல்ல ஐஸ்பெட்டியில் முதல் நாளே உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால், மறுநாள் மாலை வரை பாலும் மாவும் கெடாது.

கேள்வி: ஓடைகளைக் கடக்க, இன்ஜினுக்குக் கூரை உயரத்திலிருந்து காற்றெடுக்கும் ஸ்நார்க்கல் குழாய் பொருத்தலாமா? – ஃப்ரேசர் டவுன் வாசகர்

பதில்: வேண்டாம். காற்றை மேலிருந்து எடுத்தாலும் கதவு ரப்பர், மின் இணைப்புகள், கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் ஆகியவை பழைய உயரத்திலேயே இருக்கின்றன. சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். இறங்கி நடந்து பார்க்காத தண்ணீரில் வண்டியை இறக்கக் கூடாது, அது ஊருக்குள் இருந்தாலும் சரி. 2023 மே மாதம் நம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்ததை இந்த நகரம் மறந்திருக்காது.

கேள்வி: சேற்றில் புதைந்துவிட்டால் தனியாக எப்படி வெளியே வருவது? வண்டியை வடத்தால் இழுத்தெடுக்கும் வின்ச் வைத்துக்கொள்ள வேண்டுமா? – பானஸ்வாடி வாசகர்

பதில்: வின்ச்சைத் தாங்கும் சட்டகம் உங்கள் வண்டிக்கு இல்லை, அதன் எடை முழுவதும் மூக்கில் ஏறும். ஒரு மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் பிடிப்புக்காகச் செருகும் ஒரு ஜோடி டிராக்‌ஷன் பலகை, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடிச் சதுரமான கனத்த பிளைவுட் துண்டு ஆகிய மூன்றும் போதும். சக்கரம் சுழலத் தொடங்கியதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். மேலும் மிதித்தால் வண்டி தன் வயிற்றில் அமர்ந்துவிடும். காற்றைக் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மண்ணைச் சரிவாக வெட்டி, பலகையைச் செருகி, இரண்டாம் கியரில் மெல்ல நகர்த்துங்கள். ஆழ்ந்த மணலிலும் சேற்றிலும், வண்டி சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி. என்ற மின்னணு அமைப்பை அணைத்துவிடுவது நல்லது, இல்லையேல் சக்கரம் சற்றே நழுவினாலும் இன்ஜின் விசையை அது துண்டித்துவிடும்.

வேறொரு வண்டி இழுக்க வந்தால் இன்னும் கவனம் வேண்டும். பம்பரில் திருகி மாட்டுகிற கொக்கி, பழுதான வண்டியைச் சமதளத்தில் மெதுவாக இழுப்பதற்கானது. புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுப்பதற்கானது அன்று. டிரெய்லர் பந்தில் கயிறு கட்டவே கூடாது. அது முறிந்தால் குண்டு போலப் பறக்கும். கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் எல்லோரையும், முக்கியமாகக் குழந்தைகளை, நிறுத்திவிட்டுத்தான் இழுக்கத் தொடங்க வேண்டும். ஸ்டெப்னி மெலிந்த வகையாக இருந்தால், காட்டுப் பாதைப் பயணத்துக்கு முழு அளவு டயர் ஒன்றை உள்ளேயே வைத்து எடுத்துச் செல்லுங்கள். அதற்கு இடம் ஒதுக்கிவிட்டு மற்றச் சாமான்களை அடுக்குங்கள்.

கேள்வி: முதல் முறை எங்கே போகலாம்? தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ஆற்றங்கரையில் கூடாரமடித்த படங்களை நண்பர் காட்டினார். – பனசங்கரி வாசகர்

பதில்: அந்தப் பகுதியை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதாலேயே சொல்கிறேன், அங்கே அப்படித் தங்காதீர்கள். அந்தக் காடுகளில் பெரும்பகுதி 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி உள்ளே நுழைவதே குற்றம். ராகி விளையும் பருவத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் அந்த வழியாகத்தான் வருகின்றன. கூடாரத்துக்குள் வாழைப்பழமும் உப்பும் வைத்துக்கொண்டு அவற்றின் வழியில் உறங்குவது, நமக்கும் ஆபத்து, யானையை விரட்ட இரவெல்லாம் விழித்திருக்கும் ஊர்க்காரர்களுக்கும் தொல்லை. ஆற்று மணலில் தங்குவதில் வேறோர் அபாயமும் உண்டு: மேலே மழை பெய்தாலோ அணையைத் திறந்தாலோ, தெளிந்த வானத்தின் கீழேயே தண்ணீர் ஏறிவிடும்.

முதல் பயணத்துக்குச் சக்லேஷ்பூர், மூடிகெரே, குடகு ஆகிய இடங்களில் உரிமையாளரின் அனுமதியோடு தங்கக்கூடிய காப்பித் தோட்டங்களைத் தேடுங்கள். கழிப்பறையும் தண்ணீரும் இருக்கும். பாதையும் உங்கள் வண்டியைச் சோதிக்கும் அளவுக்குக் கரடுமுரடாகவே இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அட்டையும் அடைமழையும் என்பதால், நவம்பருக்குப் பிறகு போவது நல்லது. பந்திப்பூர் வழியாகச் செல்வதானால் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சாலை மூடப்பட்டிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். மலைமேல் பச்சைப் புல்வெளியைக் கண்டதும் வண்டியை அதன் மீது ஏற்றிப் படமெடுக்க வேண்டும் என்ற ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். சோலைக் காடுகளைச் சுற்றியுள்ள அந்தப் புல்வெளிதான் மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு ஊட்டுகிறது. சக்கரம் கீறிய தடத்தில் அடுத்த மழையின் நீர் ஓடி, மண்ணை அறுத்து, சில ஆண்டுகளில் அது ஓர் ஓடைப் பள்ளமாகிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். ஏற்கெனவே உள்ள தடத்தை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள்.

கேள்வி: மழை வந்தால் வண்டிக்குள்ளேயே சிறிய கேஸ் அடுப்பில் பால் காய்ச்சலாமா? ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்துக்கொள்வோம். – கம்மனஹள்ளி வாசகி

பதில்: கூடாது, அம்மா. மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தூக்கம் வருவது போலத்தான் தொடங்கும். கரி அடுப்பு இன்னும் மோசம், அணைந்துவிட்டது என்று உள்ளே கொண்டுவந்த தணலும் ஆளைக் கொல்லும். பின்கதவை மேலே தூக்கி, அதன் கீழே தரையில் அடுப்பை வைத்துக் காய்ச்சுங்கள். மழைச்சாரல் படாமலிருக்க மூன்று பக்கமும் தகரத் தடுப்பு வையுங்கள். பியூட்டேன் குப்பிகளை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுச் செல்லாதீர்கள். கைக்குழந்தையோடு போவதாக எழுதியிருக்கிறீர்கள். புறப்படும்போதே இரண்டு பிளாஸ்க் நிறைய வெந்நீர் எடுத்துக்கொண்டால், அந்த இரவுக்கு அடுப்பைப் பற்ற வைக்கும் தேவையே வராது.